புகைப் பேனாவுக்கு எத்தனை வோல்ட்?

செல்போன் ரிப்பேர் கடை வைத்தால் செல்போன் மட்டும்தான் வரும் என்று நம்புகிறவர்கள் தயவுசெய்து இந்தத் தொழிலுக்கு வராதீர்கள். பழவேற்காட்டில் என் கடைக்கு மிக்ஸி வரும், தலையில் மாட்டும் லைட் வரும், மீன்பிடி போட்டிலிருந்து கழற்றிய ஜிபிஎஸ் வரும். என்னைப் போல ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்: பொருளைச் சரிபண்ணிவிடலாம், நாம் சொல்வதைக் கேட்கவைப்பதுதான் பெரும்பாடு.

புகை வரலை

தேசப்பன் அண்ணன் கடலுக்குப் போகிறவர். இருமல் முற்றி, டாக்டர் பீடியை விடச் சொல்லிவிட்டார். காட்டுப்பள்ளிப் பக்கம் கூலி வேலை பார்க்கும் அவர் மச்சான் குமார் எங்கிருந்தோ ஒரு மின் சிகரெட் கொண்டுவந்து கொடுத்திருந்தான். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். புகை வரவில்லை என்று என்னிடம் நீட்டினார்.

"இத விக்கவே தடை இருக்குண்ணா. உடம்புக்கும் ஆகாது" என்றேன். காதில் வாங்கவில்லை. பேட்டரியைக் கழற்றி மீட்டர் வைத்தேன். மூணு புள்ளி மூணு வோல்ட். "மேல மூணு புள்ளி ஏழுனு போட்டுகீதே?" என்றார். அது நடுவாந்திரக் கணக்கு. முழுசாக ஏறினால் நாலு புள்ளி ரெண்டு, அதற்கு மேல் ஏற்றக் கூடாது. இறங்க இறங்கச் சூடு குறையும், புகையும் குறையும் என்று விளக்கினேன். கடைசியில் மறுபடியும் தடையை ஞாபகப்படுத்தினேன். கோபம் வந்துவிட்டது.

"பீடிய உட்டுட்டேன்னு என் பொண்டாட்டி சாமி கும்புட்டுனு கீறா, நீ இன்னாம்மா சட்டம் பேசுற!"

பன்னெண்டு வோல்ட்

அடுத்த தடவை வந்தபோது பேட்டரி ஊறின பலாக்கொட்டை மாதிரி உப்பியிருந்தது. சார்ஜர் தொலைந்துபோனதாம். வயரைச் சீவி, போட்டில் இருக்கும் பெரிய பேட்டரியோடு நேராகக் கட்டிவிட்டார். அது பன்னெண்டு வோல்ட். இந்தச் சின்னது தாங்குவது நாலு சொச்சம்.

உப்பினதைக் கையில் வைத்திருக்கவே பயந்து, வெளியே மணல் வாளியில் போட்டேன். வெடிக்காமல் இருந்ததே பெரிசு என்றேன். அவருக்கு என் பயம்தான் வேடிக்கையாக இருந்தது.

"நாலு லைட்டு, ஜிபிஎஸ்சு அல்லாத்தையும் இழுக்குற பேட்டரிமா அது, இந்தப் பென்சில நெரப்பத் தெரியாதா அதுக்கு?"

ஜோடி

பிறகு குமார் அவருக்குப் பெரிய மின் சிகரெட் ஒன்றைப் பிடித்துவந்தான். இதற்கு இரண்டு பேட்டரி, ஒன்றின் மேல் ஒன்று. ஒன்று புதுசு, இன்னொன்று பழைய டார்ச்சில் இருந்து உருவினது. இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். புதுசு நாலு புள்ளி ஒண்ணு காட்டியது. பழசு மூணு புள்ளி ரெண்டு.

"வலை இழுக்குறப்ப ஒருத்தன் தெம்பா இழுத்து, இன்னொருத்தன் சோர்ந்துட்டா இன்னா ஆகும்?" என்று கேட்டேன். சோர்ந்தவன் தடுக்கி விழுவான் என்றார் தேசப்பன். இதுவும் அப்படித்தான், புதுசு தள்ளத் தள்ளப் பழசு கொதித்து வெடிக்கும், இதைப் போடவே வேண்டாம் என்றேன். தேசப்பன் யோசித்தார். குமார்தான் இரண்டையும் எடுத்து உள்ளே தள்ளி மூடினான்.

"ஒண்ணு கொறைஞ்சா இன்னொண்ணு தாங்கும்க்கா, குடும்பம் மாதிரி."

கட்டைவிரல்

கரையில் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அதை வாயில் வைத்து இழுக்கப் போன தேசப்பன் அண்ணனுக்குக் கையிலேயே வெடித்தது. மேலுதடும் முன்பற்களும் போயின. பொன்னேரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். வலது கட்டைவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. இனி வலையைப் பிடிக்க முடியாது.

அவர் மனைவி அஞ்சலை அவருடைய செல்போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அந்தக் கட்டைவிரலை வைத்தால்தான் திறக்கும். நம்பர் அண்ணனுக்கே நினைவில்லையாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் திறக்க முடியும், உள்ளே இருக்கும் போட்டோவெல்லாம் போய்விடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மகள் கல்யாணத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் அதில் இருந்தது எனக்குத் தெரியும், எனக்கே காட்டியிருக்கிறார்.

அஞ்சலை கொஞ்ச நேரம் போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு மேஜைமேல் வைத்தார்.

"அழிச்சிடும்மா. அதுல கீற மூஞ்சிய அவரு பாக்கவே வேணாம்."

இன்றைக்கும் பேட்டரியோடு வருகிறவர்களுக்கு மீட்டர் வைத்து வோல்ட் சொல்கிறேன், அவர்களும் பொறுமையாகத் தலையை ஆட்டிவிட்டு வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளப் போகிறார்கள்.