தங்கபாய்க்குப் போடாத ஒரு வரி

தங்கபாயைப் பற்றி எழுத உனக்கென்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஆனாலும் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். 1984இல், ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த குருசாமியிடம் அம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். சும்மா விடுவார்களா? மறுமாதம் சபைப் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டார்கள்: தங்கபாய் சபையிலிருந்து நீக்கப்பட்டாள். அந்தப் பத்திரிகைக்கு அப்போதும் டைப் அடித்தவன் நான்தான்.

நாலு வருஷத்தில் குருசாமி மஞ்சள் காமாலையில் போய்விட்டான். கைப்பிள்ளையோடு ஞாயிறுதோறும் வந்து, கடைசி பெஞ்சுக்கும் பின்னால் தரையில் உட்காருவாள். பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். திருவிருந்து அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து போக, அவள் மட்டும் குனிந்திருப்பாள். 1990இல் பழைய போதகர் அவளை முன்னே அழைத்து, தலையில் கைவைத்து ஜெபித்து, மீண்டும் சேர்த்துக்கொண்டோம் என்று சபை முன்னால் வாசித்தார். அழுதுகொண்டே அப்பம் வாங்கினாள். நீக்கினால் அச்சில் போடுவோம், சேர்த்தால் வாயால் சொல்லுவோம், எங்கள் லட்சணம் அப்படி. அந்த மாதம் சபையே கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்கு அரிசியும் கறியும் கொடுத்தவர்கள் பெயரைப் போடவே பத்திரிகையில் இடம் பத்தவில்லை.

1999இல் பழைய இதழ்களையெல்லாம் இன்டர்நெட்டில் ஏற்றக் கமிட்டி முடிவு செய்தது. வெளிநாட்டில் இருக்கும் சபைப் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்களாம். ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தேன். கேள்விப்பட்டு அங்கேயே வந்துவிட்டாள் தங்கபாய். இருமி இருமி ஆள் பாதியாகியிருந்தாள்.

"மைக்கேலண்ணே, அந்தக் கட்டத்துக்குக் கீழ ஒரு வரி போடுங்க. பொறவு சேத்துக்கிட்டாகன்னு."

"பழைய இதழ்ல கை வைக்கக் கூடாதுன்னு கமிட்டில சொல்லிட்டாக தாயி. உள்ளது உள்ளபடிதான்."

"புதுசா வந்திருக்க போதகருக்கு என்னையத் தெரியாதுண்ணே. அதைப் பாத்துட்டு, நான் செத்தா எங்கம்மா பக்கத்துல வைக்க மாட்டேன்னுட்டா? அந்தக் கல்லறைத் தோட்டத்துல ஒரு இடம், அம்புட்டுத்தான் கேக்கேன்."

"ஏட்டி, சாவைப் பத்தி இப்ப என்ன பேச்சு? போயி மருந்தைக் குடி" என்று அனுப்பிவிட்டேன். பெரிய நியாயவான்!

மூன்று மாதத்தில் போய்ச்சேர்ந்தாள். அவள் மகள் இன்பத்தைக் கூட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனேன். பழைய போதகர் உயிரோடு இல்லை; எல்லாம் கண்ணால் பார்த்த கமிட்டிக்காரர்கள், ஆளுக்கொரு சோலி சொல்லி நழுவிவிட்டார்கள். போதகர் கம்ப்யூட்டரைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். 1984ஆம் வருஷத்துக் கட்டம் அப்படியே நின்றது.

"இதுக்கப்புறம் சேர்த்ததுக்கு எழுத்து இருக்கா?"

"நான் கண்ணால பார்த்தேன் ஐயா."

"பார்த்தவர்தானே இதை டைப் பண்ணினீங்க? அப்ப நீங்களே ஏன் போடலை?"

இன்பத்தைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சண்டாளப்பயல் நான், அப்போதாவது காலில் விழுந்திருக்கலாம்.

மணி அடிக்காமல், பாட்டு இல்லாமல், நகராட்சி மயானத்தில் புதைத்தோம். மண் தள்ளிவிட்டுத் திரும்பும்போது இன்பம் சொன்னாள்: "உங்களப் பாத்துட்டு வந்த அன்னிக்கு அம்மா நல்லாச் சாப்புட்டுச்சு மாமா. அண்ணன் அப்படித்தான் வெரட்டுவாக, ஆனா போட்டுருவாகன்னு சொல்லுச்சு."

மறுநாள் ராஜபாளையம் போய் அந்த வரியைப் போட்டேன். கமிட்டியைக் கேட்கவில்லை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இன்றுவரை யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.