ஒரு விரல் இடைவெளி

எங்கள் அக்கா எலவனாசூர்கோட்டையில், கூலி வேலை செய்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் போனது. அந்தக் காலோடு பள்ளிக்கூடம் நடந்து, நர்ஸ் படிப்பு முடித்து, ஓய்வு பெறும்வரை கல்வராயன் மலையில் பிரசவம் பார்த்தார். அவரைப் பற்றிய நல்லதையெல்லாம் மற்றவர்கள் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். அவர் தம்பியும் மெக்கானிக்குமான நான் எழுதுவது ஒரு ரிப்பேர் வேலையைப் பற்றி. அது தொண்டையில் சிக்கிய முள்ளாக இத்தனை வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

அக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாரும் அவரைத் தூக்கக் கூடாது. பஸ் படியில் கண்டக்டர் கை கொடுத்தால்கூட, "வுடுப்பா, நானே ஏறிக்கிறேன்" என்பார். அவர் ஏறி முடிக்கும்வரை பஸ் காத்திருக்கும். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். கூட நிற்கும் எனக்குத்தான் மானம் போகும்.

இதையெல்லாம் பார்த்திருந்த வெளிநாட்டு டாக்டரம்மா ஒருவர், ஊர் திரும்பும்போது தன் பழைய காரை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் கிளட்ச் கிடையாது. ஓட்ட வலது கால் ஒன்று போதும். கள்ளக்குறிச்சியில் நாங்கள் யாரும் அப்படியொரு வண்டியைப் பார்த்ததில்லை. அக்கா ஒரே மாதத்தில் பழகி, கச்சிராயபாளையம் வழியாகத் தானே மலை ஏறத் தொடங்கினார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்களில் அந்த வண்டி படுத்துவிட்டது. மேட்டில் என்ஜின் கத்தும், வண்டி நகராது. கழற்றிப் பார்த்தால் டார்க் கன்வெர்ட்டர் போயிருந்தது. என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்து, கிளட்ச் செய்கிற வேலையை எண்ணெயைச் சுழற்றியே செய்கிற உருண்டைச் சட்டி அது. மெட்ராஸில் வெளிநாட்டு வண்டிகளின் பழைய சாமான் விற்கும் ஒரு பாயிடம் சொல்லிவைத்தேன். இன்றைக்கு மறியல், நாளைக்கு ரோட்டில் மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று ஆள் மாற்றி ஆள் சொன்னார்களே தவிர, சாமான் வந்தபாடில்லை. அதுவரை அக்கா ஜீப்பில் மலைக்குப் போனார். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஏற்றுவார்கள். உட்கார்ந்ததும் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சாமான் வந்த அன்றே மாட்ட உட்கார்ந்தேன். அக்கா நாற்காலி போட்டு, டாக்டரம்மா விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டார்.

"டேய், கன்வெர்ட்டரைச் சுத்திக்கினே பெட்டிக்குள்ள தள்ளணுமாம். டொக்குனு போய் உக்காரணும். அப்பால பெட்டியை ஏத்துனா, என்ஜின் தட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு விரல் கேப்பு இருக்கணுமாம். இருக்குதான்னு பாரு."

"இல்லக்கா. போல்ட்டு முடுக்குனா பெட்டி தானா வந்து ஒட்டிக்கும்."

"முடுக்காதடா. எறக்கிப் பாரு."

"பத்து வருசமா கியர் பெட்டி எறக்கிக்கினு இருக்கேன். புக்கு படிச்சிட்டு எனுக்கு நீ சொல்லித் தரியா?"

கிளட்ச் வண்டியில் பெட்டி அடம்பிடித்தால் போல்ட்டைப் போட்டு இழுத்துக்கொண்டு வருவது எங்கள் பட்டறைப் பழக்கம். இதிலும் அதையே செய்தேன். எண்ணெய் ஊற்றி வண்டியைக் கிளப்பினேன். உள்ளே எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எண்ணெய் தரையில் கொட்டியது. வண்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை. மறுபடி பிரித்தால், கன்வெர்ட்டர் போய் உட்கார வேண்டிய எண்ணெய் பம்பு, நான் முடுக்கிய முடுக்கில் இரண்டாக உடைந்திருந்தது.

"இன்னாடா ஆச்சு?" என்று அக்கா கேட்டார்.

"பாய் அனுப்புன சாமான் சரியில்லக்கா," என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது.

அக்கா பாய்க்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். அதைத் தபால் பெட்டியில் போட்டவனும் நான்தான்.

பதில் வரவில்லை, பாயே வந்துவிட்டார். மறியலில் பஸ் உளுந்தூர்பேட்டையோடு நின்றுவிட, வேறொரு பம்பைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சாலையில் கிடந்த புளியமரங்களைத் தாண்டித் தாண்டி, நடந்தும் சைக்கிள்காரர்கள் பின்னால் உட்கார்ந்தும் வந்து சேர்ந்தார். உடைந்த பம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

"சரக்குலதாம்மா கோளாறு. நான் பாத்து அனுப்பியிருக்கணும். மன்னிச்சுக்கோங்க," என்றார் அக்காவிடம்.

பம்பை மாற்றியதும் கன்வெர்ட்டரை அவரே உள்ளே வைத்துச் சுற்றினார். டொக்கென்று இறங்கியது. விடாமல் இன்னும் சுற்றினார். இன்னொரு டொக். இந்த முறை பெட்டி போல்ட் போடுவதற்கு முன்பே என்ஜினோடு போய் ஒட்டியது. என் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே நுழைத்துக் காட்டினார். அப்போதாவது நான் அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சாலை திறந்ததும் அக்கா தானே ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனார்.

கடைசி மூன்று மாதம் அக்கா படுக்கையில் இருந்தார். தூக்கக் கூடாது என்றவரை நான்தான் தூக்கினேன். கழுத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிடிக்க மாட்டார். நான் கத்துவேன், அவரும் கத்துவார். ஒருநாள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது, என்றுமில்லாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்த பாய்க்கு லெட்டர் எய்துனியாடா?"

"எந்த பாய்க்கா?"

"உன் விரலை உள்ள வுட்டுக் காட்டுனாரே, அவருதான். நான் பாத்துக்கினுதானே இருந்தேன். நீயா சொல்லுவேன்னு இத்தினி வருசம் இருந்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா உன்னத் தூக்கி வுட்ட மாரி ஆயிடும்டா."

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. கடைசி நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், புண் வராமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கும், மலையிலிருந்து இறங்கி வந்து கல்லறைவரை சுமந்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்றைக்கு அக்கா தடுக்கவில்லை.

விசாரித்ததில், பாயும் காலமாகிவிட்டார் என்று தெரிந்தது. கடையை இப்போது அவர் மகன் நடத்துகிறாராம். இந்த மலரின் முதல் பிரதி அவருக்குப் போகிறது.

பாய், உங்கள் சரக்கில் ஒரு குறையும் இல்லை. அக்கா இறக்கிப் பார்க்கச் சொன்னார். நான்தான் முடுக்கினேன்.