நாலாவது படி

அந்தப் பெயிண்டருக்குப் பட்டப்பெயர் ‘அரைச்சுவர்’. கை எட்டும் உயரம்வரைதான் அடிப்பார். அதற்கு மேலே அடிக்க, சொந்த ஏணியோடு வரும் ஆள் ஒருவனை வைத்திருந்தார். சொந்த வீட்டுக் கூடத்தில் மட்டும் இருபது வருஷமாகத் தலைக்கு மேலே அழுக்குதான்.

காரணம் இருந்தது. பெயிண்டரான தாத்தா ஏணியிலிருந்து விழுந்து போய்ச்சேர்ந்தார். அப்பாவும் விழுந்து, இடுப்பொடிந்து, கட்டிலோடு கிடந்தே செத்தார். குடும்பச் சாபம் என்று முடிவு கட்டிவிட்டார் இவர். இப்போது மகளும் தொழிலுக்கு வந்து, இனிமேல் ஏறுவது நான்தான் என்று அடம்பிடிக்கிறாள். பெற்ற மனசு பதறாதா?

தலைமுறைச் சாபங்களை முறிப்பதில் பேர்போன ஊழியக்காரர் ஒருவர் அவர்களுடைய கிறிஸ்தவ சபைக்கு வந்தார். நான்கு தலைமுறைப் பாவங்களையும் எழுதச் சொல்லி ஒரு படிவம் நீட்டினார். தாத்தாவுக்கே இடம் போதாமல் இவர் இன்னொரு தாள் கேட்டார். ஊழியக்காரர் தொண்டை கிழியக் கத்தி, நெற்றியில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளினார். மல்லாக்க விழுந்தார் இவர். பரம்பரையிலேயே ஏணி இல்லாமல் விழுந்த முதல் ஆள்.

மறுநாள் காலை, பின்கட்டிலிருந்து பழைய மர ஏணியைப் பயபக்தியோடு தூக்கி வந்தார்.

“சாபம் முறிஞ்சிருச்சும்மா. நம்ம குடும்பச் சொத்து. தைரியமா ஏறு.”

மகள் ஏணியை உலுக்கினாள். கம்பியால் கட்டியிருந்த நாலாவது படி லொடலொடவென்று ஆடியது.

“தாத்தா எதுலருந்துப்பா விழுந்தாரு?”

“இதுலருந்துதான்.”

“உங்க தாத்தா?”

“இதேதான். ஏன் கேக்குற?”

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “நம்ம சாபத்தையெல்லாம் இயேசு சிலுவையில தன் மேல ஏத்துக்கிட்டாருப்பா. அது அப்பவே முடிஞ்ச கதை. இந்த ஏணியை உடைக்கிற வேலையைத்தான் நமக்கு விட்டு வச்சிருக்காரு.”

அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. கூடத்துக் கட்டிலில் கிடந்த அப்பாவிடம், “அப்படி என்ன பாவம் பண்ணீங்க?” என்று கேட்டிருக்கிறார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரம்பத்தை எடுத்து, மூச்சு வாங்க வாங்க ஏணியைத் துண்டுதுண்டாக அறுத்துப் போட்டார்.

அலுமினிய ஏணி வந்ததும், கூடத்தில் அவரே முதலில் ஏறினார். பெயிண்ட் தோய்த்த பிரஷ் அவர் கையில், ஏணி மகள் கையில்.

“கீழ பாக்காதீங்கப்பா.”

“கண்ணையே மூடிட்டுத்தான் இருக்கேன். நீ பிடியை விட்றாத.”

நாலாவது படியில் நின்று கண்ணைத் திறந்தார். எதிரே, அப்பா அன்று திரும்பிக்கொண்ட அந்த அழுக்குச் சுவர்.

“மன்னிச்சிருங்கப்பா,” என்றார்.

பிரஷிலிருந்து பெயிண்ட் மகள் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூட அவள் ஏணியிலிருந்து கையை எடுக்கவில்லை.