நான் தேர்ந்தெடுத்த நான்கு டயர்கள்

தங்கை வீட்டுக்காரருக்குப் பந்தய டயர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்தான். இதை எங்கள் சொந்தபந்தத்தில் ஒருவரும் மறக்கவில்லை. எந்த வீட்டு விசேஷமாக இருந்தாலும், பந்தியில் பாயசம் வருவதற்குள் அந்தப் பேச்சு வந்துவிடும். நான் தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பேன்.

மலாயா சுதந்திரம் வாங்கி இரண்டு மூன்று வருடம் இருக்கும். மலாக்கா டவுனில், ஜாலான் துக்காங் எமாஸிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், டயர் கடையில் வேலை பார்த்தேன். தங்கையைக் காஜா பெராங்கில், கம்போங் செட்டியில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை அரசாங்க ஆபீசில் கிராணி, குமாஸ்தா. நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே வரமாட்டார். ஆனால் தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வராது. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் தங்கிவிட்ட அந்தச் செட்டிகள் வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். கல்யாணமாகி ஆறே மாதத்தில் என் தங்கை அந்த மலாயில் அவரைத் திட்டக் கற்றுக்கொண்டாள்.

திட்டுவதற்குக் காரணம் கார். நாலு கதவு வைத்த ஆங்கிலேயக் கார், பார்த்தால் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிற கார் என்றுதான் தோன்றும். பானெட்டைத் திறந்தால் வேகத்துக்கென்று இரண்டு கார்புரேட்டர் இருக்கும். டவுனுக்கு வெளியே இருந்த விமானத் திடலில் அவ்வப்போது பந்தயம் வைப்பார்கள். ஓடுபாதையில் நேராகப் போய், கோடியில் எண்ணெய் டிரம்களைச் சுற்றித் திரும்பி, பக்கத்துப் பாதையில் வந்து, இந்தக் கோடியிலும் டிரம்களைச் சுற்ற வேண்டும். ஆறு சுற்று. மாப்பிள்ளை பெயர் கொடுத்துவிட்டார்.

தங்கை கடைக்கே வந்துவிட்டாள். "அண்ணே, அவர நிறுத்த என்னால முடியாது. சொல்லிப் பாத்தாச்சு, அழுதும் பாத்தாச்சு. நீ டயர்காரன்தானே? நல்லதா பாத்து மாட்டிக் குடு. ஜெயிக்க வேணாம், மனுசன் முழுசா வீட்டுக்கு வந்தா போதும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? டயர் போட்டுக் கொடுக்கிறவன் கையில் உயிர் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்கு அகல ரிம் மேல் ஆசை. அந்தக் காலத்தில் பட்டறைகளில் ரிம்மை வெட்டி, நடுவில் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்து அகலமாக்கித் தருவார்கள். பார்க்க மிரட்டலாக இருக்கும். மாட்டினால் சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு மட்கார்டில் உரசும், பேரிங்கைத் தின்னும், வெல்டிங் எப்போது விரியும் என்று வெல்டிங் செய்தவனுக்கே தெரியாது. "அந்த ரிம்மு போட்டா நான் இந்தக் காடியத் தொடமாட்டேன்" என்று என் சந்தை மலாயில் சண்டை போட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

காரோடு வந்த ரிம் மிகவும் ஒடுக்கம். கடைசியில் அதே கம்பெனியின் பெரிய காரிலிருந்து கழட்டிய நான்கு ரிம் எங்கள் கடையின் பின்கட்டிலேயே கிடைத்தது. அகலம் அரை அங்குலம் கூடுதல், போல்ட் துளைகள் அச்சாகப் பொருந்தின, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழைந்தது. இனி டயர். பழைய மாதிரி டயர் வழுக்கப் போகிறது என்றால் கீச்சென்று கத்தி ஊரைக் கூட்டிவிட்டுத்தான் வழுக்கும். புதிதாக வந்திருந்த ரேடியல் டயர் அதைவிட நன்றாகத் தரையைப் பிடிக்கும், ஆனால் பிடி விட்டால் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். ஒரு வாரம் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினேன். சோறு இறங்கவில்லை. பிடிக்கிற டயர்தான் காப்பாற்றும் என்று முடிவு செய்து ரேடியலை வாங்கினேன்.

காற்று எவ்வளவு அடிப்பது என்று பார்க்க கிளெபாங் கடற்கரை ரோட்டுக்குப் போனோம். டயரின் தோள்பட்டையில், ஓடும் பாகத்திலிருந்து பக்கவாட்டுக்கு, சாக்பீஸால் கோடு கிழித்தேன். வளைவில் வேகமாகத் திரும்பி வந்ததும் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால், டயர் எவ்வளவு சாய்கிறது என்பது தெரியும். அதிகம் அழிந்தால் காற்று போதவில்லை. அடித்து, ஓட்டி, பார்த்து, மறுபடி கோடு போட்டு, முன் சக்கரத்துக்கு இரண்டு பவுண்டு கூட்டி, எனக்குத் திருப்தியானது. மாப்பிள்ளை முதுகில் தட்டினார். "சுடா பாய்க், அபாங்" என்றார். நன்றாகிவிட்டது, அண்ணே.

நான்கு சக்கரத்தையும் கழட்டி, பழையதை மாட்டி, புதியதைக் காருக்குள் ஏற்றி அனுப்பினேன். பந்தயத் திடலில் போய் மாட்டிக்கொண்டால் ரப்பர் புதிதாகவே இருக்கும் என்பது என் யோசனை. சனிக்கிழமை மாலை அவர்கள் குடும்பக் கோயிலில் சக்கரங்களுக்குப் பூஜை. தங்கை அதில் பிடிவாதமாக இருந்தாள். எனக்குக் கடையில் லாரி வேலை, போக முடியவில்லை.

ஞாயிறு காலையில் திடலுக்கு நான் முன்னதாகவே போயிருக்க வேண்டும். சக்கரத்தை நான்தான் மாட்டுவதாகப் பேச்சு. விதி, ஒரு எஸ்டேட் லாரி நடுரோட்டில் டயர் வெடித்து நின்றுவிட்டது என்று தவுக்கே ஆள் அனுப்பிவிட்டார். அதை முடித்து, சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது திடலைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். வண்டிகள் கோட்டில் நின்றன. சக்கரங்களை மாப்பிள்ளையே மாட்டியிருந்தார். தூரத்திலிருந்தே டயர் பளபளவென்று மின்னியது.

தங்கை கயிற்றோரம் குடை பிடித்து நின்றாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "டயர பாத்தியா அண்ணே? எப்படி மின்னுது! அபிஷேக எண்ணெய்ல ஒரு கிண்ணம் கேட்டு வாங்கி நானே தேச்சேன். நாலும். பள்ளத்துக்குள்ள எல்லாம் தேங்காநாரு விட்டு நல்லா ஊற ஊறத் தேச்சிருக்கேன். உன் கடையில ஆயுத பூசைக்கு நீ தேப்பியே, அது மாதிரி."

அவள் சொன்னது சரிதான். ஆயுத பூஜைக்கு நான் தேய்ப்பேன். கடையில் விற்கிற டயருக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து அடுக்குவேன். அவள் கல்யாணத்துக்கு முன் சோறு கொண்டுவரும்போது, "நீயும் ரெண்டு தேய், புதுசு மாதிரி ஆயிடும்" என்று துணியைக் கையில் கொடுத்துக் காட்டியதும் நான்தான். அவை அலமாரியில் உட்காரும் டயர். ஓடுகிற டயருக்குத் தடவாதே, வழுக்கும் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினேன். கொடி வைத்திருந்த வெள்ளைக்காரர் கையை நீட்டித் தடுத்தார். "டயர், எண்ணெய், டயர்" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஒரு போலீஸ்காரர் என் தோளைப் பிடித்து இழுத்தார். கொடி இறங்கியது.

பிறகு நான் செய்ய ஒன்றுமில்லை. நின்று கணக்குப் போட்டேன். சூடான தாரில் உருண்டால் எண்ணெய் தேயும். இரண்டு சுற்று தாண்டினால் பிழைத்தார். முதல் டிரம் வளைவில் காரின் பின்பக்கம் அகலமாக வீசியது, அவர் பிடித்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. "பாத்தியா, பூசை பண்ணது" என்றாள் தங்கை. நான் வாய்க்குள் எந்தச் சாமியை எல்லாம் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. இந்தக் கோடியின் வளைவுக்கு அவர் வந்தார், எங்களுக்கு நேர் எதிரே. ரேடியல் டயர் கத்தவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் விட்டது. கார் பக்கவாட்டில் போய், டிரம்மைத் தள்ளி, திடலோரத்து லோங்காங்கில், அந்த ஆழமான சாக்கடையில், கதவு கீழாகச் சாய்ந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை. இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. அந்தக் கால் பிறகு மடங்கவே இல்லை. கிளட்ச் மிதிக்க முடியாத காலோடு அவர் கார் ஓட்டவும் இல்லை.

அன்று சாயங்காலம் காரை இழுத்து வர நான்தான் போனேன். பின் டயர் ஒன்றில் என் சாக்பீஸ் கோடு மீதி இருந்தது, எண்ணெயில் ஊறி மஞ்சளாக. பெட்ரோலும் துணியும் வாங்கி வந்து நான்கையும் துடைத்தேன். யாரும் பார்ப்பதற்குள் துடைத்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நல்லா இருந்த பழைய டயர கழட்டச் சொன்னது யாரு? உன்ன நம்பித்தானே குடுத்தேன்?" பத்துப் பேர் நின்றார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எண்ணெய் விஷயம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஒரு நொடியில் நான் தப்பித்திருப்பேன். அவள்தான், தன்னால் வந்தது என்று தினம் தினம் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு குடும்பம் நடத்த வேண்டும். "ஆமாம்மா, என் தப்புதான்" என்றேன். அதில் பாதி உண்மையும் இருந்தது.

ஒரு வருடம் அவள் என்னோடு பேசவில்லை. தீபாவளிக்குப் பலகாரம் வரவில்லை. நான் கொண்டுபோன தூக்குச் சட்டி திறக்காமலே திரும்பி வந்தது. கோயிலில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பல நாள் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டு, எல்லாவற்றையும் சொல்லி, அவள் அழ, நானே சமாதானமும் செய்திருக்கிறேன்.

அடுத்த ஆயுத பூஜையன்று காலையில் கடை வாசலில் ஒரு திரிஷா, மூன்று சக்கர மிதிவண்டி, வந்து நின்றது. தங்கை இறங்கினாள். பின்னால் கைத்தடியோடு மாப்பிள்ளை. அவள் கையில் எண்ணெய் பாட்டில்.

"போனது போகட்டும் அண்ணே. நீ வேணும்னா செஞ்ச? மன்னிச்சிட்டேன்" என்றாள். "இந்த வருசம் உன் கடை டயருக்கு நானே தேய்க்கிறேன். அன்னைக்கு அந்தப் பூசை போட்டதாலதான் அவரு உசிரோட இருக்காரு."

சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினாள். மாப்பிள்ளை மெதுவாக நடந்து என் பக்கம் வந்தார். தேய்த்து முடித்த டயரில் இரண்டு விரலை வைத்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதே வாசனை" என்றார் மலாயில், எனக்கு மட்டும் கேட்கும்படி. "நாலையும் நான்தானே மாட்டினேன், அபாங். கைக்குட்டையால் முடிந்தவரை துடைத்தேன்."

"தெரிந்தும் ஏன் போனீர்கள்?"

"அவள் கயிற்றோரம் நின்று டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு பழைய சக்கரத்தை எப்படித் திருப்பி மாட்டுவது?"

ஒரு வருடமாக நான் மட்டும் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர் அதைத் தெரிந்தே மாட்டி, தெரிந்தே மிதித்துக்கொண்டு போயிருக்கிறார்.

"ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு பேசுறீங்க?" என்று தங்கை கீழேயிருந்து அதட்டினாள். "அண்ணே, இந்தப் பெரிய டயர் உருளுது. ஆடாம புடி, பள்ளத்துக்குள்ள தேய்க்கணும்."

நான் ஒரு பக்கம் பிடித்தேன். மாப்பிள்ளை தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு மறுபக்கம் பிடித்துக்கொண்டார்.