அம்மனுக்குக் கண் எழுதிய காதுமுடி

அம்மனுக்குக் கண் எழுத வைத்திருந்த தூரிகையை வெந்நீரில் போட்டது நான்தான். பிறத்தியார் சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் அம்மனுக்குத் திருவிழாவையொட்டிப் புது வர்ணம் பூசினார்கள். பதுளையிலிருந்து வந்த பெயின்டர் தம்பி எல்லாவற்றையும் முடித்து, கண்ணை மட்டும் கடைசிக் காலைக்கு விட்டிருந்தார். பத்தரைக்குள் கண் திறக்க வேண்டும். திறந்ததும் அம்மன் முதலில் பசுவைத்தான் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். அதற்கு என் பசுவைத்தான் கேட்டார்கள். குளிப்பாட்டி, மாலை போட்டு, வாசலில் கட்டியிருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தம்பி தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், அழுக்குத் தூரிகையா அம்மன் கண்ணைத் தொடுவது என்று தோன்றியது. பால் செம்பு கழுவுவதுபோல் கொதிநீர் ஊற்றி, சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். தகரக் குழலுக்குள்ளிருந்த பசை இளகி, முடி முழுவதும் கொத்தாக உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

என் நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மதினி கழுவுனா கழுவுனதுதான்! சாமானே மிஞ்சாது!"

திரும்பி வந்த தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மாயி, மத்ததெல்லாம் தடி பிரஷ்ங்க. பதுளைக்குப் போயி வாங்கிட்டு வாறதுக்குள்ள நேரம் தாண்டிருமே."

"அம்புட்டுத்தானே தம்பி? முடி எதுன்னு சொல்லுங்க, நான் கட்டித் தாறேன்."

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

"பூனை வாலு இருக்கு," என்றாள் நாத்தனார். அம்மன் கண்ணுக்குப் பூனை வாலா! தம்பி வாசலைப் பார்த்தார். "மாட்டுக் காதுக்குள்ள இருக்கிற முடி நல்லதுங்க. வளைஞ்சாலும் நிமிர்ந்துக்கும்."

நாத்தனார் கொம்பைப் பிடிக்க, நான் கத்தரிக்கோலைக் காதுக்குள் விட்டேன். பசுவுக்குக் கூச்சம். தலையை உதறிய உதறலில் மாலை பறந்து நாத்தனார் கழுத்தில் விழுந்தது. "எனக்கே மாலையா!" என்று அவள் சிரிக்க, நான் சிரிக்க, கத்தரிக்கோல் எங்கேயோ போய் விழுந்தது. ஒருவழியாக ஒரு சிட்டிகை முடி கிடைத்தது.

கோழி இறகின் தண்டை வெட்டி வெந்நீரில் ஊறவைத்தேன். முடியை நூலால் இறுக்கிக் கட்டி, தண்டின் அகன்ற பக்கம் நுழைத்து, குறுகிய பக்கம் எட்டிப் பார்க்கும்வரை தள்ளினேன். காய்ந்தால் தண்டு தானே இறுகிக்கொள்ளும். பிடிக்குத் தேயிலைக் குச்சி. கடைசியில், ஏற்றமும் இறக்கமுமாக நின்ற முடியை ஒரே மட்டமாகக் கத்தரித்துப் பெருமையாக நீட்டினேன்.

தம்பி காகிதத்தில் ஒரு கோடு இழுத்தார். ரயில் ரோட்டுபோல் இரண்டு கோடு விழுந்தது.

"அம்மாயி, கொழுந்தக் கிள்ளுற மாதிரி நுனியக் கிள்ளிட்டீங்களே! நுனியிலதான் முடி கூரா இருக்கும். வெட்டுறதுன்னா அடியில வெட்டணும்."

நாற்பது வருஷம் கொழுந்து பறித்த கை. நுனியைக் கண்டால் சும்மா இருக்குமா?

பத்தாகிவிட்டது. பசுவிடம் ஓடினேன். என்னைக் கண்டதும் அது கயிற்றை அறுத்துக்கொண்டு கோயிலைச் சுற்றியது. நானும் சுற்றினேன். மூன்றாம் சுற்றில், "வேண்டுதலா மதினி?" என்றாள் நாத்தனார். அவளே மடக்கிப் பிடித்தாள். மற்றக் காதும் மொட்டையானது.

இந்தத் தடவை முடியை நுனி கீழே இருக்கும்படி மருந்துப் போத்தல் மூடியில் நிறுத்தி, மெல்லத் தட்டினேன். நுனிகள் எல்லாம் தாமாக வரிசையில் நின்றன. அப்படியே கட்டி, அடியை மட்டும் வெட்டி, புதுத் தண்டில் செருகினேன். தம்பி தண்ணீரில் தொட்டு ஓர் உதறு உதறினார். முடி ஒன்றுகூடி ஊசியாக நின்றது. தன் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு, அம்மனை மறைத்திருந்த திரைக்குள் ஓடினார்.

பசுவைச் சன்னதிக்கு எதிரே நிறுத்தினார்கள். ஆனால் என்னைக் கண்டால் அது நின்றால்தானே!

"மதினி, கொஞ்சம் மறைஞ்சுக்கங்க. இல்லாட்டி அம்மன் ஓடுற மாட்டோட பின்பக்கத்தைத்தான் பார்க்கும்!"

தூரிகை கட்டியவள் நான். பசு என்னுடையது. தூணுக்குப் பின்னால் நின்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். திரை விலகுவதும் மேளம் அதிர்வதும் குலவை கிளம்புவதும் காதில் மட்டும் விழுந்தன. பிறகு நாத்தனாரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது.

"மதினி! ஒரே கோடுதான்!"