புல்லுக்கு நோகாத கை

முதல் பம்ப்பில் லோகேஸ்வரி களைமருந்து ஊற்றமாட்டாள். வெறும் தண்ணீரை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு, கார் நிறுத்துகிற சிமெண்ட் தரையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பாள். ஈரம் எவ்வளவு அகலத்துக்கு விழுகிறது, எத்தனை எட்டில் தண்ணீர் தீருகிறது என்று மனதுக்குள் எண்ணுவாள். பிறகு, கல்யாணப் பெண்ணுக்குச் சேலை கட்டிவிட்டவள் தள்ளி நின்று மடிப்பைப் பார்ப்பது போல, நனைந்த தரையை நின்று பார்ப்பாள். எங்கேயாவது திட்டாக இருந்தால் மறுபடியும் ஒரு பம்ப்பு தண்ணீர்.

"சிமெண்டுல புல்லு மொளைக்கப் போவுதோ?" என்பாள் புஷ்பா. சொல்லிவிட்டு, யாராவது சிரிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்ப்பாள். யாரும் சிரிப்பதில்லை.

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டை ஒட்டி, பழைய துரை பங்களாவைக் கல்யாண மண்டபமாக மாற்றியிருக்கிறார்கள். முன்னால் அகன்ற இலைப் புல்தரை. போட்டோ எடுக்கிறவர்கள் அதற்காகவே வருகிறார்கள். அந்தப் புல்லுக்குள் தொட்டாச்சிணுங்கி படர்ந்திருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுகிற பிள்ளைகளின் காலில் முள் ஏறும். 'இடம் அழகு, புல்லில் முள்' என்று யாரோ இணையத்தில் எழுதி ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்ததிலிருந்து, மேனேஜர் தேவதாஸுக்குத் தொட்டாச்சிணுங்கி என்றாலே இரத்தக் கொதிப்பு. லோகேஸ்வரி அதற்கு மருந்தடிக்கிறாள். மருந்துக்கு மிஞ்சியதைப் புஷ்பா குந்தி உட்கார்ந்து கையால் பிடுங்குகிறாள்.

புஷ்பாவுக்கு எரிகிற இடம் அதுதான். இரண்டு பேரும் ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பதினோரு வருஷம் ஒரே கூட்டத்தில் செம்பனைக்கு மருந்தடித்தவர்கள். அங்கே முதல் ஆள் புஷ்பா. மரத்தைச் சுற்றி ஒரு வட்டம், வீசி வீசி இரண்டு கை, அடுத்த மரம். மற்றவர்கள் ஏழாவது பம்ப்பில் நிற்கும்போது அவள் பத்தாவதை முடித்துவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பாள். "புஷ்பாவப் பாத்து அடிங்கடி" என்று கூட்டத்தை மேய்க்கிற மண்டோர் காளியண்ணன் கத்துவார். அப்போது கூட்டத்தின் கடைசியில் வருவது லோகேஸ்வரி. அந்த ஆமை இங்கே நிமிர்ந்து நடக்கிறது. புஷ்பாவின் முழங்காலோ குந்தும்போதெல்லாம் நொறுக்கென்கிறது.

லோகேஸ்வரியின் சட்டைப் பையில் ஒரு சின்ன முகப்பவுடர் டப்பா இருக்கும். மருந்து கலப்பதற்கு முன் ஒரு சிட்டிகை எடுத்து முகத்துக்கு நேராக விடுவாள். பவுடர் நேரே கீழே இறங்கினால் வேலை உண்டு. காற்றில் சாய்ந்து போனால் இல்லை. ஒருநாள் அது சமையல்காரி இராஜம்மாவின் சமையற்கட்டுப் பக்கம் சாய்ந்தது. "ராஜம்மா மொளகாச் செடி வச்சிருக்கு. இந்த மருந்து வாசம் பட்டாலே எல சுருட்டிக்கும்" என்று பம்ப்பை இறக்கி வைத்துவிட்டாள். தேவதாஸ் போனில் கத்தினார். அவள் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு பாஸ்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவரே, டாக்டரிடம் கேட்பது போல, "லோகேஸ், இன்னைக்கு அடிக்கலாமா?" என்று கேட்கிறார். புஷ்பாவிடம் அவர் இதுவரை கேட்டதெல்லாம், "இன்னும் முடியலையா?"

"பவுடர் போட்டுக்கிட்டு மருந்தடிக்கப் போறா. பொண்ணு பாக்க வராங்க போல" என்றாள் புஷ்பா, சமையற்கட்டில் இராஜம்மாவிடம்.

"எம் மொளகா பொழச்சுதுலா" என்றாள் இராஜம்மா.

லோகேஸ்வரி ஆறாம் வகுப்போடு நின்றவள். மருந்துப் போத்தலின் பொடி எழுத்தை மகள் விஷாலினி போனில் படம் எடுத்து, படித்து, தமிழில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அட்டை மருந்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. அளவுக் குவளையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. தோட்டத்தில் எல்லாரும் மூடியால் அளந்து, மண்டோர் பார்க்காதபோது இன்னொரு மூடி சேர்த்து ஊற்றியவர்கள்தான். இங்கே அவள் குவளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு இருந்தாலும் போத்தலில் திருப்பி ஊற்றுகிறாள். "கூட ஊத்துனா களையோட புல்லும் சாவும். எல்லாத்தையும் கொல்றதுக்கு வேகம் போதும். ஒன்ன விட்டுட்டு ஒன்னக் கொல்லணும்னா நெதானம் வேணும்."

பாதையோரத்தில் எல்லாவற்றையும் கருக்குகிற மருந்துக்குக் கறுப்புப் பம்ப்பு. புல்தரைக்கு நீலப் பம்ப்பு. ஒன்றை மற்றொன்றுக்கு எடுக்கவிடமாட்டாள். புல் வெட்டி இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும்; வெயில் ஏறிவிட்டால் மாலை நிழலுக்குக் காத்திருப்பாள். அடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. மருந்து காயும்வரை நாயைக்கூட உள்ளே விடமாட்டாள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அவள் நிழலில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு மணி நேரத்தையும் புல்லில் குந்தியபடி புஷ்பா பார்த்திருக்கிறாள். பார்த்துப் பார்த்தே எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

சென்ற மாதம் தேவதாஸ் கூப்பிட்டார். "தஞ்சோங் காராங்ல புது மண்டபம் தொறக்கிறோம். அங்க புல்லுக்கு மருந்தடிக்க ஆள் வேணும். இங்க இருக்கிற புல்லுல இடது பக்கத்த நீ அடி, புஷ்பா. நல்லா வந்துச்சுன்னா அந்த வேல ஒனக்கு."

இனிக் குந்த வேண்டாம். புஷ்பா அன்று இரவு முழங்காலுக்குத் தைலம்கூடத் தடவவில்லை.

மறுநாள் லோகேஸ்வரிதான் மருந்தை அளந்து கொடுத்தாள். பவுடர் நேரே இறங்கியது. மணி ஏழரை. "சிமெண்டுல ஒரு நடை போய்ப் பாத்துக்கிறியா?" என்று கேட்டாள்.

"எனக்கா?" என்றாள் புஷ்பா. "எத்தன ஏக்கரு அடிச்ச கை இது."

லோகேஸ்வரி மாமரத்தடியில் போய் நின்றுகொண்டாள். புஷ்பா புல்லில் இறங்கினாள். முதுகில் பாரம் ஏறியதும் பழைய நடை தானாக வந்தது. கையும் பழையபடி வீசியது, இடமிருந்து வலம், வலமிருந்து இடம். லோகேஸ்வரி எடுக்கிற நேரத்தில் பாதியிலேயே முடித்தாள். மாமரத்தடியிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அசந்துபோய் நிற்கிறாள் என்று புஷ்பா நினைத்தாள். நினைக்கும்போது வாய்க்குள் இனிப்பாக இருந்தது.

ஆறாம் நாள் புல் காட்டிக்கொடுத்தது. வீசுகிற கை திரும்புகிற இடத்தில் ஒரு நொடி தங்கும். அங்கே மருந்து இரட்டிப்பாக விழும். செம்பனை வட்டத்தில் அது யாருக்கும் தெரியாது, அங்கே எல்லாமே சாக வேண்டியவைதான். இங்கே புஷ்பா நடந்த வழியின் இரண்டு பக்கமும் பிறை பிறையாக மஞ்சள். நடுவில் மருந்து போதாத தொட்டாச்சிணுங்கி ஊதாப் பூவோடு தலைதூக்கி நின்றது. ஒன்பது நாளில் ஒரு கல்யாணம்.

தேவதாஸ் இடுப்பில் கை வைத்து நின்றார். "லோகேஸ், மேல இன்னொரு தடவ அடிச்சுச் சரி பண்ணு."

"முடியாது பாஸ். கருகுன புல்லு தேறி வரட்டும். ஒரு மாசத்துக்கு இதுல மருந்து படக்கூடாது."

"அப்ப ரெண்டு பேரும் ஒக்காந்து கையால புடுங்குங்க. தஞ்சோங் காராங்குக்கு நான் வெளியாளப் பாத்துக்கிறேன்."

அவர் கார் போகும்வரை புஷ்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "பாத்துக்கிட்டுத்தானே நின்ன?"

"பாத்தேன்."

"கைய வீசாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

லோகேஸ்வரி காலால் ஒரு மஞ்சள் பிறையைத் தடவினாள். காற்றுக்கும் வெயிலுக்கும் நாய்க்கும்கூடச் சொல் வைத்திருக்கிறவள், இதற்குத் தேடுகிற மாதிரி இருந்தது.

"பதினோரு வருஷம் ஒம் முதுகப் பாத்துக்கிட்டே நடந்தேன்லா," என்றாள். "நீ ஒரு நாளு திரும்பிப் பாத்தியா?"

புஷ்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு எரிந்திருக்கிறது. அதைக் கேட்க ஒரு கணம் நன்றாகக்கூட இருந்தது. அடுத்த கணம் தஞ்சோங் காராங் ஞாபகம் வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தினாள்.

லோகேஸ்வரியும் நான்கு முழம் தள்ளிக் குந்தினாள். பழக்கமில்லாத கை, முதல் செடியிலேயே முள் குத்தி விரலை உதறினாள். ஒரு மணி நேரத்தில் புஷ்பாவின் பக்கத்தில் தொட்டாச்சிணுங்கி முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது. லோகேஸ்வரி ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். தன் சின்னக் குவியலைப் பார்த்தாள். புஷ்பா பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இரண்டு விரலால் அதைக் கிளறி, உதறி, கொஞ்சம் உயரமாக்கி வைத்தாள்.