பூச்சி மருந்து என்று கேட்டேன்

வெள்ளானூரில் நாங்கள் நான்கு செம்மறி ஆடுகள் வளர்த்துவந்தோம். சினையாக இருந்த ஒன்றுக்குக் கழிச்சல் கண்டு தாடை வீங்கியது. வயிற்றில் பூச்சி என்றார் அம்மா. ஆவடி கால்நடை மருந்துக் கடையில், "ஆட்டுக்குப் பூச்சி மருந்து குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கினேன். எங்கள் பக்கம் குடற்புழுவும் பூச்சிதான், தோலில் ஒட்டும் உண்ணியும் பூச்சிதான். வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் லேபிளைப் படிக்கவில்லை.

"எம்புள்ள பார்த்து வாங்கியாந்துகீறான், வாயத் தொறடி" என்று கொஞ்சியபடி அம்மா ஆட்டுக்கு ஊற்றினார். சற்று நேரத்தில் நுரை தள்ளியது. பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். உண்ணிக்காகத் தோலின் மேலே தெளிக்கும் விஷம் அது. மருத்துவர் வருவதற்குள் வயிற்றுக் குட்டியோடு ஆடு செத்துவிட்டது.

"அதுல இன்னா நைனா எய்திகீது?" என்று கேட்டார் அம்மா. படித்துக் காட்டினேன்.

இப்போது 'குடற்புழுவுக்கு, வாயில் ஊற்ற' என்று சொல்லித்தான் கேட்கிறேன். லேபிளை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்த பிறகே மூடியைத் திறக்கிறோம்.